வகுப்பை மாற்றிய கேள்வி: நியூசிலாந்து ஆசிரியர்கள் ஒன்றாகக் கற்ற 'தே கோட்டஹிட்டங்கா' திட்டம் என்ன?

நியூசிலாந்தின் பூர்வகுடிகள் மாவோரி மக்கள். அவர்களின் பிள்ளைகள் தேர்வுகளில் பின்தங்குவதும், பாதியிலேயே பள்ளியை விடுவதும் அங்கே நீண்டகாலப் பிரச்னை. இதைச் சரிசெய்ய ஆசிரியர்களையே மறுபடி படிக்க வைத்த திட்டம்தான் 'தே கோட்டஹிட்டங்கா'. மாவோரி மொழியில் இதற்கு ஒற்றுமை என்று பொருள்.

எப்படித் தொடங்கியது?

2001-ல் வைகாட்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ரஸ்ஸல் பிஷப் தலைமையிலான குழு, 9, 10-ம் ஆண்டு படிக்கும் மாவோரி மாணவர்களிடம் நேரடியாகப் பேசியது. பெற்றோர், தலைமை ஆசிரியர்கள், ஆசிரியர்களிடமும் கருத்து கேட்டது.

யார் என்ன சொன்னார்கள்?

மாணவர்கள் அதிகம் பேசியது, தங்களுக்கும் டீச்சருக்கும் உள்ள உறவைப் பற்றித்தான். ஆசிரியர்கள் பலரோ, மாணவர்களின் வீட்டுச் சூழலைக் காரணம் காட்டினார்கள்.

சிக்கலே இங்கதான். கோளாறு வீட்டில் இருக்கு என்று நம்பிவிட்டால், வகுப்பில் நாம் மாற்ற எதுவுமே இல்லை என்று ஆகிவிடும். இந்த எண்ணத்தை உடைப்பதுதான் திட்டத்தின் முதல் வேலை.

பயிற்சி எப்படி நடந்தது?

* முதலில் முகாம். மாணவர்கள் சொன்ன அனுபவங்களை ஆசிரியர்கள் படித்து, சேர்ந்து விவாதிப்பார்கள்.
* அடுத்து, பயிற்சியாளர் வகுப்பில் உட்கார்ந்து கவனிப்பார். டீச்சர் மட்டும் பேசுகிறாரா, பசங்களும் பேசுகிறார்களா என்று குறிப்பெடுப்பார்.
* பிறகு அந்தக் குறிப்பை வைத்து இருவரும் தனியாகப் பேசுவார்கள்.
* ஒரே மாணவர்களுக்கு வெவ்வேறு பாடம் நடத்தும் ஆசிரியர்கள் ஒன்றுகூடி, வருகைப் பதிவு, மதிப்பெண் போன்ற ஆதாரங்களைப் பார்த்துப் பொதுவான இலக்கு வைப்பார்கள்.
* அந்த இலக்கை அடைய, பயிற்சியாளர் வகுப்பிலேயே கூட இருந்து உதவுவார்.

ஒரு நாள் பயிற்சி கொடுத்து, சான்றிதழோடு அனுப்பிவிடும் கதை இல்லை இது. ஒவ்வொரு பருவத்திலும் இந்தச் சுற்று திரும்ப நடக்கும்.

வகுப்பில் என்ன மாற்றம்?

சுவரில் மாவோரி ஓவியம் மாட்டினால் மட்டும் போதாது என்பதே திட்டத்தின் அடிப்படை. மாணவர் வீட்டிலிருந்து கொண்டுவரும் அறிவுக்கும் பாடத்தில் இடம் வேண்டும். குழுவாகப் பேசிக் கற்க வேண்டும். 'இவனால் முடியும்' என்று டீச்சர் நம்ப வேண்டும்.

இப்போது என்ன நிலை?

5-ம் கட்டத்தோடு 2013-ல் திட்டம் முடிந்தது. அந்தக் கட்டத்தில் பங்கேற்ற பள்ளிகளின் மாவோரி மாணவர்கள், ஒப்பிட எடுத்த மற்ற பள்ளிகளின் மாவோரி மாணவர்களைவிட வேகமாக முன்னேறியதாக அரசின் மதிப்பீடு சொன்னது. ஆனால் இந்த முறைக்குத் தனிப் பயிற்சியாளர், கூடிப் பேச நேரம், தொடர்ந்து நிதி என மூன்றும் தேவை. ஆசிரியரின் நல்ல மனசை மட்டும் நம்பி இதை நடத்த முடியாது.