ஒரகடம்: கடல் கடந்த முன்னோரின் ஊர் துணியும் முறை

1860 அக்டோபரில் சென்னையினின்றும் புறப்பட்ட ‘துரூரோ’ என்னும் கப்பல், நவம்பர் 16ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியிலுள்ள டர்பன் துறையை அடைந்தது. அன்று தொட்டு 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக அங்குச் சென்றோர் 1,52,184 பேர். இவருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னை வழியே சென்றவர். செங்கற்பட்டு மாவட்டத்தாரும் இவருள் அடங்குவர். இன்னோர் வழித்தோன்றல்கள் தம் குலமுதல்வரின் ஊரை எங்ஙனம் துணிதல் கூடும் என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருளாகும்.

முதற்சான்று கப்பற் பட்டியலே. குடியேறியவரின் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், ஊர் ஆகியன அதனுட் காணப்படும். பெயரினும் எண்ணே வலியுடைத்து. முனுசாமி, பெருமாள் என்னும் பெயருடையார் பலராவர்; எண்ணோ ஒருவர்க்கே உரியது. குடும்பப் பெயரை மட்டும் நம்புதலும் பொருந்தாது. கவுண்டர் என்பது அந்நாட்டில் ‘கோவெண்டர்’ என்றும், முதலியார் என்பது ‘மூட்லி’ என்றும் திரிந்து வழங்கலாயின. சில குடும்பங்களில் தந்தையின் இயற்பெயரே வழிவழிக் குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது.

இனி, ஊர்ப்பெயரை நோக்குவோம். பட்டியலில் ‘ஒரகடம்’ என்றிருப்பின், அது ஸ்ரீபெரும்புதூரை அடுத்த ஒரகடமே எனத் துணிதல் தவறாம். அம்பத்தூரிலும் ஓர் ஒரகடம் உண்டு. திருக்கழுக்குன்றத்தை அடுத்தும் ஓர் ஒரகடம் உண்டு. மூன்றும் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தனவே. 1997இலும் 2018, 2019ஆம் ஆண்டுகளிலும் நிகழ்ந்த எல்லை மாற்றங்களால், இன்று அவை முறையே காஞ்சிபுரம், சென்னை, செங்கற்பட்டு மாவட்டங்களில் அமைந்துள்ளன. ஆகவே மாவட்டப் பெயர் ஐயத்தை நீக்காது; வட்டப் பெயரே நீக்கும். அவ்வட்டத்தையும் கப்பல் சென்ற ஆண்டின் எல்லைப்படியே கொள்ளல் வேண்டும். இன்றைய எல்லையைக் கொண்டு நோக்கின் பிழை நேரும். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த மாம்பாக்கத்திற்கும், வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையிலுள்ள மாம்பாக்கத்திற்கும் இவ்விதி ஒக்கும்.

ஊர் ஒருவாறு துணியப்பட்டபின், குடும்பத்தார் மரபாக வணங்கிவரும் குலதெய்வத்தின் பெயரையும், அவ்வூரிலுள்ள கோயில்களின் பெயர்களையும் ஒப்புநோக்கல் வேண்டும். இவ்விரண்டாம் சான்றே இப்பகுதியில் அருகிவருகின்றது. ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் ஆகிய இடங்களில் விளைநிலங்கள் தொழிற்பேட்டைகளாயின. ஏரியும் வயலும் மாறின், அவற்றின் பெயரறிந்த முதியோர்க்குப்பின் அப்பெயர்களும் மறையும். வருவாய்த்துறையின் பழம்பதிவேடுகள் நிலவுரிமையைக் கூறும். நிலமின்றிக் கூலி நாடிப் பெயர்ந்தோர் அவற்றுள் இடம்பெறார். அன்னார்க்கு ஊரார் நினைவே எஞ்சிய சான்றாம்.

இதுகாறும் கூறியவாற்றான், எண், வட்டம், வழிபாட்டு மரபு என்னும் மூன்றும் ஒத்தவிடத்தே ஊரைத் துணிதல் தகும் என்பது போதரும். ஒன்று முரணினும் முடிபைத் தள்ளிவைத்தலே நேரிது. தவறான ஊரைக் காட்டுதல், ஒரு குடிக்குப் பிறர் முன்னோரைத் தம் முன்னோராகக் காட்டுதலாம். ஆதலின் இத்தொழில் வட்டாரத்து ஊர்தோறும் வயல், ஏரி, கோயில் ஆகியவற்றின் பெயர்களைக் கேட்டெழுதித் தொகுத்தல், முதுகலை மாணவர் காலந்தாழ்த்தாது மேற்கொள்ளத்தக்க பணியாகும்.