%20 - ஒரு சின்னக் குறியின் பெரிய வரலாறு

தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையின் முகவரியை நகலெடுத்து வேறோர் இடத்தில் ஒட்டிப் பாருங்கள். பல நேரங்களில் அழகான தமிழ்த் தலைப்பு மறைந்து, % குறிகளும் எண்களும் கலந்த ஒரு நீண்ட வால் வந்து நிற்கும். ஏதோ வைரஸ் என்று பயந்து அந்தச் சுட்டியை அழுத்தாமலே விட்டுவிடுபவர்களும் உண்டு! இந்த வால் எங்கிருந்து வந்தது?

1994-ல் போட்ட விதி

வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ, லாரி மசின்டர், மார்க் மெக்காஹில் ஆகிய மூவரும் 1994 டிசம்பரில் ஆர்.எஃப்.சி. 1738 என்ற ஆவணத்தை வெளியிட்டார்கள். இணைய முகவரிக்கான இலக்கணம் அது. முகவரி கணினிக்குள்ளேயே இருந்துவிடாது, தாளில் அச்சாகும், அதைப் பார்த்து யாரோ மறுபடி தட்டுவார்கள் என்று அவர்கள் யோசித்தார்கள். அச்சில் இடைவெளி காணாமல் போகலாம், இல்லாத இடைவெளி முளைக்கலாம். அதனால் முகவரிக்குள் இடைவெளிக்குத் தடை. ஆஸ்கி அட்டவணையில் இல்லாத எழுத்துகளுக்கும் தடை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. சில குறிகளுக்கு முகவரியில் தனி வேலை உண்டு. / பகுதிகளைப் பிரிக்கும், ? கேள்வியைத் தொடங்கும். கணக்குப் புத்தகத்தில் 500 ரூபாய் பற்றுப் பக்கத்தில் இருந்தால் ஒரு பொருள், வரவுப் பக்கத்தில் இருந்தால் வேறு பொருள் அல்லவா? அதுபோலத்தான். கோப்பின் பெயரிலேயே ? இருந்தால், அது பெயரா கேள்வியா என்று கணினிக்குத் தெரியாது.

தீர்வு எளிமையானது. % போட்டு, அதன்பின் அந்த பைட்டின் மதிப்பைப் பதினாறடிமான எண்ணாக இரண்டு இலக்கத்தில் எழுது. இடைவெளியின் ஆஸ்கி எண் 32. பதினாறடிமானத்தில் அது 20. ஆகவே %20. % குறியையே எழுத வேண்டுமென்றால் %25.

விட்டுப்போன ஒரு வரி

பைட்டை எப்படி எழுதுவது என்று சொன்ன அந்த விதி, அந்த பைட் எந்த எழுத்து என்பதைச் சொல்லவில்லை. ஜப்பானிய மொழிக்கு ஷிஃப்ட்-ஜிஸ், ஈ.யூ.சி. என்று தனித்தனிக் குறிமுறைகள் இருந்தன. தமிழுக்கு டிஸ்கி, டாப் போன்றவை இருந்தன. குறிமுறை மாறினால் ஒரே சொல்லுக்கு வேறு வால்!

இதில் அதிகம் மாட்டிக்கொண்டவர்கள் டெஸ்க்டாப் மென்பொருள் எழுதியவர்கள். உலாவியில் தட்டினால் உலாவி பார்த்துக்கொள்ளும். தனி மென்பொருளில் முகவரியை நிரல் எழுதுபவரே கட்ட வேண்டும். ஜாவாவின் யுஆர்எல்என்கோடர் ஆரம்பத்தில் அந்தந்தக் கணினியின் குறிமுறையையே எடுத்துக்கொண்டது. அதனால் ஒரு கணினியில் ஓடிய நிரல் இன்னொன்றில் தவறான முகவரியைத் தந்தது. 2002-ல் வந்த ஜாவா 1.4-ல்தான் குறிமுறையைப் பெயர் சொல்லிக் கொடுக்கும் வசதி சேர்ந்தது.

விண்டோஸ் எக்ஸ்பி வைத்திருந்தவர்களுக்கு 'டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' கோப்புறை நினைவிருக்கும். அதன் பெயரில் இரண்டு இடைவெளிகள்! ஜாவாவில் கோப்பை முகவரியாக மாற்றும் பழைய வழி, இடைவெளியை அப்படியே விட்டுவிட்டது. 2006-ல் ஜாவா 6 வந்தபோது அந்த வழியைப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவித்துவிட்டார்கள்.

போதாததற்கு + குழப்பம் வேறு. 1995-ல் வந்த எச்டிஎம்எல் 2.0, படிவத் தகவலில் இடைவெளிக்கு + போடச் சொன்னது. ஆனால் முகவரியின் பாதைப் பகுதியில் + என்றால் வெறும் + தான். டாட்நெட்டில் டெஸ்க்டாப் நிரலுக்கும் வலைத்தளங்களுக்கான நூலகத்தைச் சேர்த்துக்கொண்டவர்களுக்கு + தான் கிடைத்தது. 2005-ல் டாட்நெட் 2.0 தந்த புதிய வசதி %20 கொடுத்தது.

இரண்டு முறை அவிழ்த்தால்?

இது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. மைக்ரோசாஃப்டின் ஐ.ஐ.எஸ். வழங்கி, வந்த முகவரியை ஒருமுறை அவிழ்த்துப் பாதுகாப்புச் சோதனை செய்துவிட்டு, பிறகு மறுபடியும் அவிழ்த்தது. %25-ஐ வைத்து இரண்டு அடுக்காக மறைத்து எழுதினால் சோதனையைத் தாண்டி உள்ளே போய்விடலாம். 2001 மே மாதம் இதற்குத் திருத்தம் வெளியானது. ஆனால் திருத்தம் போடாத கணினிகளில் அதே ஆண்டு செப்டம்பரில் நிம்டா புழு புகுந்தது. அது பயன்படுத்திய வழிகளில் இந்த ஓட்டையும் ஒன்று. ஒரே ரசீதை இரண்டு முறை பதிவு செய்தால் கணக்கு என்ன ஆகும்? அதேதான்!

2005-ல் வந்த முடிவு

2005 ஜனவரியில் ஆர்.எஃப்.சி. 3986, 3987 இரண்டும் வந்தன. எந்த மொழி எழுத்தானாலும் யு.டி.எஃப்-8 ஆக்கி, பிறகு % போடுவது என்ற வழி உறுதியானது. வேடிக்கை என்னவென்றால், கென் தாம்சனும் ராப் பைக்கும் யு.டி.எஃப்-8 முறையை 1992-லேயே உருவாக்கிவிட்டார்கள். மருந்து இருந்தும், மருந்துச் சீட்டில் அதன் பெயர் ஏற இத்தனை வருடம்!

இந்த முறையில் 'தமிழ்' என்ற சொல் யுனிகோடில் 5 குறியீடுகள், ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 15 பைட். ஒரு பைட்டுக்கு 3 குறி என்றால் 45 குறிகள். அந்த நீண்ட வாலின் கணக்கு இவ்வளவுதான். அது வைரஸ் இல்லை, நம் மொழிதான்.

நிரல் எழுதும் நண்பர்களுக்கு இந்த வரலாறு சொல்லும் பாடம் மூன்றே: குறிமுறையைப் பெயர் சொல்லிக் கொடுங்கள். முகவரியின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாக மாற்றிவிட்டுப் பிறகு சேருங்கள். எதையும் ஒருமுறைக்கு மேல் மாற்றாதீர்கள்.