தண்டாயுதபாணி வந்தார், வழி வரவில்லை

தைப்பூசத்தன்று ஜொகூர் பாருவில் காவடியும் பால்குடமும் எடுப்பவர்கள் சில மணி நேரம் நடந்து தண்டாயுதபாணி சந்நிதியை அடைந்துவிடுகிறார்கள். அதே பூசத்துக்காகக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குப் புறப்படும் நகரத்தார் காவடிக் கூட்டமோ சிங்கம்புணரி, நத்தம் வழியாக ஏறத்தாழ ஒரு வாரம் நடக்கிறது. இரண்டு ஊரிலும் கையில் தண்டேந்திய அதே ஆண்டிதான் தெய்வம். அப்படியிருக்க நடை மட்டும் ஏன் இவ்வளவு சுருங்கியது? கடல் தாண்டிய மரபு தேய்ந்துபோனது, தோட்டத்துக்கு வந்த சனங்களுக்குப் பழைய வைராக்கியம் இல்லை என்று சொல்வது எளிது. பலர் சொல்லவும் செய்கிறார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை. அலகு குத்தி, விரதமிருந்து, வெயிலில் வெறுங்காலோடு நிற்கும் கூட்டத்தைப் பார்த்து வைராக்கியம் குறைந்தது என்று சொல்வது அநியாயம். பல நாள் நடக்கும் யாத்திரைக்குக் கால் மட்டும் போதாது. இரவில் தங்க இடம், வேளைக்குச் சோறு, செலவுக்கு ஒரு பொதுக் கணக்கு, கூட்டத்தை நடத்திச் செல்லும் பொறுப்பாளர் ஆகிய எல்லாம் வேண்டும். ஜொகூருக்குத் தெய்வம் வந்தது, வேலும் காவடியும் வந்தன. இந்த ஏற்பாடு வரவில்லை. வராததற்குத் தெளிவான காரணங்கள் இருந்தன.

பழனி நடையின் தொடக்கத்தைப் பார்த்தால் இது விளங்கும். நகரத்தாரின் பழனி அறப்பட்டயங்களை ஆராய்ந்த டேவிட் ரட்னர், 1994இல் வெளிவந்த தம் நூலில் அந்தக் கதையை விரிவாகச் சொல்கிறார். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெற்குப்பையைச் சேர்ந்த குமரப்பன் என்ற வணிகர் பழனிக்கு உப்பு கொண்டுபோய் விற்றார். போன இடத்தில் கோயிலைச் சார்ந்தவர் வீட்டில் தங்கினார். விற்ற லாபத்தில் முருகனுக்கென்று ஒரு பங்கை மகமையாக எடுத்து வைத்தார். பின்னர் அவரைத் தொடர்ந்து மற்ற வணிகர்களும் வந்தார்கள், மகமை பெருகியது, ஆண்டுதோறும் கூட்டமாக நடந்துபோய் வழிபடுவதும் மடம் கட்டி அன்னமிடுவதும் வழக்கமாயின. பட்டயங்கள் சொல்வதில் புராணச் சாயல் கலந்திருக்கலாம். ஆனாலும் வரிசையைக் கவனிக்க வேண்டும்: முதலில் உப்பு வண்டி போன தடம், அடுத்து தங்குமிடம், அதற்கடுத்து மகமைக் கணக்கு, இவற்றின் மேல்தான் பாதயாத்திரை எழுந்தது. வியாபாரம் போட்ட பாதையில் பக்தி நடந்தது என்று சொன்னால் பக்திக்குக் குறைவொன்றும் இல்லை. நானூறு ஆண்டுகளாக அந்தக் கூட்டம் கலையாமல் போய்வருவதற்கு ஊர் ஊராகக் காத்திருக்கும் அந்தச் சோறும் கூரையுமே காரணம் என்பது என் எண்ணம்.

இதே நகரத்தார்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலாயாக் கரையில் வட்டிக்கடை வைத்தார்கள். பினாங்கில் 1857இலும் சிங்கப்பூர்த் தேங் ரோட்டில் 1859இலும் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பினார்கள். ஜொகூரின் மூவாரிலும் அவர்கள் கோயில் உண்டு. மகமையும் கூடவே வந்தது. பழனி வழியின் மடங்கள் செய்த வேலையை இங்கே கிட்டங்கி செய்தது: ஒரே கூரையின் கீழ் பெட்டியடியும் படுக்கையும் சமையலும். ஆனால் கிட்டங்கிகள் துறைமுகத் தெருக்களில் அடுத்தடுத்து இருந்தன; ஒரு நாள் நடைத் தொலைவுக்கு ஒன்றாக வழிநெடுகப் பரந்திருக்கவில்லை. எனவே வழிபாட்டின் உருவம் மாறியது. காரைக்குடியில் செய்து 1894இல் பினாங்குக்குக் கப்பலேறிய வெள்ளி ரதம் இன்றும் பினாங்குத் தெருவின் கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகிறது. பழனியில் வணிகன் தெய்வத்தைத் தேடி நடந்தான். இங்கே தெய்வம் வணிகத் தெருவிலிருந்து புறப்பட்டு நகரத்தைச் சுற்றியது. இதில் இன்னொன்றும் உண்டு. கடையை நடத்த வந்த முகவர்கள் பெரும்பாலும் மூன்று ஆண்டுத் தவணைக்கு வந்தவர்கள். ஊர் திரும்பினால் குன்றக்குடியும் பழனியும் காத்திருந்தன. அவர்களுக்கு மூவாரிலிருந்து ஒரு நெடுநடையைப் புதிதாக உருவாக்கும் தேவையே எழவில்லை.

தோட்டத் தொழிலாளி நிலை வேறு. அவர்தான் ஜொகூர்த் தமிழரில் பெரும்பான்மை, அவரை விட்டுவிட்டு நகரத்தாரை மட்டும் வைத்து எப்படிப் பேசலாம் என்று கேட்பது நியாயம். கங்காணி மூலம் கூட்டிவரப்பட்டவர் நாட்கூலிக்கு வேலை செய்தார். பெயர் போடாத நாளுக்குச் சம்பளம் இல்லை. ஒரு வாரம் நடக்கப் போனால் குடும்பத்தின் அரிசி நின்றுவிடும், லயத்து வீட்டுக்கும் உத்தரவாதமில்லை. ரப்பர் பரவிய அதே காலத்தில், 1909இல், கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை இரயில் வந்துவிட்டது. 1924இல் தரைப்பாலம் முறைப்படி திறக்கப்பட்டு ஜொகூர் சிங்கப்பூரோடு இணைந்தது. தமிழ்நாட்டில் மாட்டுவண்டித் தடங்கள் பல நூற்றாண்டு பழகிய பிறகே இரயில் வந்தது. ஜொகூரின் உட்பகுதியிலோ தமிழர் குடியேற்றமும் தண்டவாளமும் ஏறக்குறைய ஒன்றாக வந்தன. கால்நடையாகப் பழக ஒரு தலைமுறைகூட இடைவெளி கிடைக்கவில்லை. விடுப்பு ஒரு நாள் கிடைத்தால் இரயிலேறியோ லாரியேறியோ பத்துமலைக்கோ சிங்கப்பூருக்கோ போய்வருவதுதான் முடிந்த காரியம்.

காடும் புலியும்தான் காரணம் என்று சிலர் சொல்லக்கூடும். ஜொகூர்க் காடுகளில் புலிபயம் மெய்தான். ஆனால் யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கிழக்குக் கரையோரமாகக் கதிர்காமம் போகும் அடியார்கள் கடைசியில் யானையும் சிறுத்தையும் திரியும் குமண, யால காடுகளைக் கடக்கிறார்கள். காடு அவர்களைத் தடுக்கவில்லை. வழியில் கோயிலுக்குக் கோயில் சோறிட்ட ஊர்களை உள்நாட்டுப் போர் குலைத்தபோதுதான் அந்த நடை தடைபட்டது. மகாராஷ்டிரத்தில் ஆளந்தியிலிருந்து பண்டரிபுரம் போகும் வார்க்கரி அடியார்களும் தனித்தனியாக நடப்பதில்லை. திண்டி என்ற குழுவாக, தங்களுக்கான சமையலோடும் கூடாரத்தோடும் போகிறார்கள். கூட்டாளிகள் பத்துப் பேர் சேர்ந்து நினைத்தவுடன் புறப்படலாம் என்று தோன்றும் இடங்களிலெல்லாம் அந்தப் பத்துப் பேருக்கு முன்னே யாரோ அடுப்பு மூட்டி வைத்திருக்கிறார்கள்.

பத்துமலையை எடுத்துக்காட்டி, கோலாலம்பூர் மாரியம்மன் கோயிலிலிருந்து ரதத்தோடு சுமார் 15 கிலோமீட்டர் நடக்கிறார்களே, ஜொகூரில் மட்டும் ஏன் இல்லை என்றும் கேட்கலாம். அது ஓரிரவில் முடியும் நடை; வழியெங்கும் நகரம், தண்ணீர்ப் பந்தல். இரவுத் தங்கல் தேவைப்படும் இரண்டாம் நாளில்தான் சிக்கல் தொடங்குகிறது.

ஜொகூரில் அந்த இரண்டாம் நாளுக்கு உதவியிருக்கக்கூடியவை தோட்டக் கோயில்கள். சிகாமட், குளுவாங், கூலாய் வட்டாரங்களில் ஒவ்வொரு தோட்டமும் ஒரு மாரியம்மனையோ முனியாண்டியையோ முருகனையோ வைத்து, சம்பளத்திலிருந்து பிடித்த சந்தாவில் திருவிழா நடத்தியது. சந்தா, பந்தி, கோயில் கமிட்டி என்று ஒரு நெடுவழிக்கு வேண்டிய உறுப்புகள் அத்தனையும் அங்கே இருந்தன. அவற்றைக் கோத்துவிட ஒரு தடம்தான் இல்லை. 1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடலும், பின்பு ரப்பர் செம்பனையாகவும் வீடமைப்பு நிலமாகவும் மாறியதும் அந்தக் கோயில்களில் பலவற்றை இடம்பெயர்த்தன. எஞ்சியவற்றின் சந்தா நோட்டுகளும் திருவிழா வரவுசெலவுக் கணக்குகளும் இன்னும் சில நிர்வாகங்களின் அலமாரிகளில் இருக்கக்கூடும். ஜொகூர்த் தமிழர் வரலாற்றை எழுதப் போகிறவர்கள் ரதத்தின் படங்களுக்கு முன்னால் அந்த நோட்டுகளைத் தேட வேண்டும். நடந்து யாத்திரை போக விரும்பும் இளைஞர்கள் எந்தக் கோயிலில் இரவு தங்கலாம், யார் சமைப்பார்கள் என்று கேட்டுத் தொடங்க வேண்டிய இடமும் அந்த நோட்டுகளே.