டிசம்பர் 26

டிசம்பர் 26 கிரிகோரியன் ஆண்டின் 360ஆம் நாளாகும். நெட்டாண்டுகளில் 361ஆம் நாள். ஆண்டு முடிவிற்கு மேலும் 5 நாட்கள் உள்ளன.

நிகழ்வுகள்

1862 – ஐக்கிய அமெரிக்காவின் மினசோட்டாவில் டகோட்டா பழங்குடியினர் 38 பேர் ஒரே நேரத்தில் தூக்கிலிடப்பட்டனர்.

1898 – பியேர் கியூரி, மேரி கியூரி ஆகியோர் ரேடியத்தைக் கண்டறிந்ததாக அறிவித்தனர்.

1991 – சோவியத் ஒன்றியம் முறைப்படி கலைக்கப்பட்டது.

2003 – ஈரானின் பாம் நகரில் இடம்பெற்ற நிலநடுக்கத்தில் 26,000இற்கும் அதிகமானோர் கொல்லப்பட்டனர். சுடாத மண் கற்களாலான பழங்கோட்டை இடிந்தது.

2004 – சுமாத்திராவின் மேற்கே கடலடியில் ஏற்பட்ட 9.1 அளவு நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை இந்தோனேசியா, இலங்கை, இந்தியா, தாய்லாந்து உட்படப் பல நாடுகளைத் தாக்கியதில் 2,25,000இற்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். தமிழ்நாட்டில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000இற்கும் மேற்பட்டோர் இறந்தனர். அப்போது இந்தியப் பெருங்கடலில் ஆழிப்பேரலை எச்சரிக்கை அமைப்பு இருக்கவில்லை.

பிறப்புகள்

1791 – சார்ல்ஸ் பாபேஜ், ஆங்கிலேயக் கணிதவியலாளர் (இ. 1871)

இறப்புகள்

1981 – சாவித்திரி, திரைப்பட நடிகை

2024 – மன்மோகன் சிங், இந்தியாவின் முன்னாள் பிரதமர் (பி. 1932)