அந்த இரண்டு மணி நேரமும் ஹாம் ரேடியோவும்

எங்க ஊர் சந்தவாசல். போளூர்லேர்ந்து படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போனவங்க பஸ் ஜன்னல் வழியா பார்த்திருப்பீங்க. பின்னாடி ஜவ்வாது மலை, முன்னாடி வயல். கடலுக்கும் எங்களுக்கும் நூறு கிலோமீட்டருக்கு மேல. ஜவ்வாது மலை அடிவாரத்துக்காரனுக்குக் கடலைப் பத்தி எழுத என்ன தகுதின்னு கேட்டா பதில் இல்லை. ஆனா பிழைப்புக்கு நான் பார்க்கிற வேலை ஒரு சர்வர் படுத்தா எத்தனை நிமிஷத்துல யாருக்குத் தகவல் போகணும், அவர் எடுக்கலைன்னா அடுத்து யாருக்குப் போகணும்னு நிரல் எழுதறது. அந்தக் கண்ணோட 2004 சுனாமியைப் பத்திப் படிச்சா ஒரு விஷயம் தூங்க விடாது.

2004 டிசம்பர் 26, இந்திய நேரம் காலை 6.29க்கு சுமத்ரா பக்கத்துல பூமி நடுங்குது. கொஞ்ச நேரத்துலயே கார் நிக்கோபார் தண்ணிக்குள்ள. நம்ம தமிழ்நாட்டுக் கரைக்கு அலை வந்து சேரும்போது மணி ஒன்பதை ஒட்டி. அதாவது நடுவுல இரண்டு மணி நேரத்துக்கு மேல இருந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்துல மட்டும் 6,000 பேருக்கு மேல போனாங்க. இரண்டு மணி நேரம்ங்கறது நடந்தே ரெண்டு ஊர் தாண்டிப் போயிடலாம்ங்கற நேரம்.

சரி, அந்த நேரத்துல தகவலே வரலையா? வந்தது. அதுதான் கொடுமை. கார் நிக்கோபார் விமானப்படைத் தளத்துலேர்ந்து, தீவு மூழ்குது, எங்கயும் தண்ணீர்ங்கற தகவல் எட்டு மணிக்கு முன்னாடியே வந்து, அதோட தொடர்பு அறுந்துபோனதா அப்போதைய விமானப்படைத் தளபதி எஸ். கிருஷ்ணசாமி பிற்பாடு பத்திரிகைகளிடம் சொன்னார். இன்னொரு பக்கம் டெல்லியில வானிலைத் துறை நிலநடுக்கம் பத்தி ஒரு ஃபேக்ஸ் அனுப்புது. யாருக்கு? முரளி மனோகர் ஜோஷி வீட்டுக்கு. அவர் அந்தத் துறையின் அமைச்சரா இருந்தது முந்தைய ஆட்சியில. ஆட்சி மாறி ஏழு மாசம் ஆகியிருந்தது, அப்ப அமைச்சர் கபில் சிபல். எங்க ஆபீஸ் பாஷையில சொன்னா, காண்டாக்ட் லிஸ்ட்டை யாரும் அப்டேட் பண்ணலை. (அந்த ஃபேக்ஸ் சரியான ஆளுக்கே போயிருந்தாலும் அதுல சுனாமின்னு ஒரு வார்த்தை இருந்திருக்காதுங்கறது வேற விஷயம்.)

இதே காலையில, இதே அந்தமான்ல, உலகம் முழுக்கப் பேசக்கூடிய ஒரு ரேடியோ உயிரோட இருந்தது. அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு. ஆனா அது எப்படி அங்க வந்துச்சுன்னு சொல்லணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும்.

ஹாம் ரேடியோன்னா தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. தேர்வு எழுதி, அரசாங்கத்துக்கிட்ட உரிமம் வாங்கி, சொந்தமா ஒரு ஒலிபரப்புக் கருவி வச்சுக்கிட்டு, தனக்குன்னு ஒரு அழைப்புக்குறியோட உலகத்துல இருக்கிற இன்னொரு ஹாமோட பேசறது. வியாபாரம் கூடாது, பாட்டுப் போடக்கூடாது. தமிழ்ல அமெச்சூர் வானொலின்னு சொல்றாங்க. சிற்றலையில பேசினா அலை மேல போய் அயனி மண்டலத்துல பட்டுத் திரும்பி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறங்கும். நடுவுல டவர் வேணாம், கேபிள் வேணாம். ஒரு கார் பேட்டரி, ஒரு கம்பி, கருவி, ஆள். அவ்வளவுதான்.

இந்தியாவுல இது 1921லயே ஆரம்பிச்சாச்சு. கல்கத்தாவுல அமரேந்திர சந்திர குப்தாவும் முகுல் போஸும் முதல் ரெண்டு பேர். நம்ம மெட்ராஸ் பங்கு 1924ல. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி, மெட்ராஸ் மாகாண ரேடியோ கிளப்னு ஒண்ணு தொடங்கி, சொந்தமா ஒலிபரப்பே நடத்தினார். அகில இந்திய வானொலிங்கற பேரே இல்லாத காலம் அது! காசு பத்தாம 1927ல கிளப் படுத்துடுச்சு. கருவியை மாநகராட்சிக்குக் கொடுத்துட்டாங்க. மாநகராட்சி 1930லேர்ந்து ஒலிபரப்பி, மெரினா மாதிரி பொது இடங்கள்ல ஒலிபெருக்கி கட்டி மக்களைக் கேட்க வச்சது. 1938ல அகில இந்திய வானொலி மெட்ராஸுக்கு வர்ற வரைக்கும் இதான். அந்த ஒலிபெருக்கியை ஞாபகத்துல வச்சுக்கோங்க, பின்னாடி வேலைக்கு ஆகும்.

அப்புறம் 1939. போர் வந்ததும் வெள்ளைக்காரன் முதல்ல செஞ்ச காரியங்கள்ல ஒண்ணு ஹாம் உரிமங்களை ரத்து பண்ணினது. அவன் பயந்தது நியாயம்தான்னு 1942ல நிரூபணமும் ஆச்சு. உஷா மேத்தா பம்பாயில ரகசியமா நடத்தின காங்கிரஸ் ரேடியோவுக்குக் கருவி செஞ்சு கொடுத்தவங்க இந்த ரேடியோ வட்டாரத்து ஆளுங்கதான். சுதந்திரத்துக்கு அப்புறமும் அந்தப் பயம் மட்டும் கை மாறி நம்ம அரசாங்கத்துக்கிட்ட வந்துடுச்சு. ராஜீவ் காந்தியே ஒரு ஹாம், அவர் அழைப்புக்குறி வி.யு.2.ஆர்.ஜி. 1984ல இறக்குமதி வரியைத் தளர்த்தினதால நிறைய பேர் கருவி வாங்க முடிஞ்சது. அதே ராஜீவ் 1991ல ஸ்ரீபெரும்புதூர்ல கொல்லப்பட்ட வழக்குல, கொலையாளிகளுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவுல போன வயர்லெஸ் செய்திகள் முக்கியமான தடயமாச்சு. வயர்லெஸ்னாலே சந்தேகமாப் பார்க்கற அரசாங்கத்தைக் குத்தம் சொல்லவும் வாய் வரலை, சும்மா விடவும் மனசு வரலை.

அந்தமானுக்கு இந்தச் சந்தேகம் ரெட்டிப்பு. ராணுவ முக்கியத்துவம் உள்ள தீவு, அதனால பல வருஷம் ஹாம்களுக்கு அனுமதியே இல்லை. உலகத்து ஹாம்கள் இப்படி யாருமே ஒலிபரப்பாத இடங்களைத் தேடித் தேடித் தொடர்பு கொண்டு பட்டியல் போடுவாங்க. அரிய தபால்தலை சேக்கற பைத்தியம் மாதிரின்னு வச்சுக்கோங்க :-) அந்தப் பட்டியல்ல அந்தமான் ரொம்ப மேல இருந்தது. டெல்லியில இருந்த பாரதி பிரசாத்ங்கற பெண்மணி பல வருஷம் விடாம கேட்டு, 2004 டிசம்பருக்கு அனுமதி வாங்கினாங்க. ஹைதராபாத் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் சார்பா ஒரு குழுவோட போர்ட் பிளேருக்குப் போய் டிசம்பர் தொடக்கத்துல ஒலிபரப்ப ஆரம்பிச்சாங்க. அழைப்புக்குறி வி.யு.4.ஆர்.பி.ஐ. உலகம் முழுக்கக் கூட்டம் முண்டியடிச்சது.

அனுமதி ஒரு மாசத்துக்கு. அந்த மாசத்துக்குள்ள டிசம்பர் 26 வந்தது. தற்செயல்தான். அனுமதி நவம்பருக்குக் கிடைச்சிருந்தா அவங்க மூட்டை கட்டிட்டுப் போயிருப்பாங்க.

தொலைபேசி போச்சு, மின்சாரம் போச்சு. பாரதியும் குழுவும் விளையாட்டை நிறுத்திட்டு அவசரத் தொடர்புல இறங்கினாங்க. உள்ளூர் நிர்வாகத்தோட சேர்ந்து போர்ட் பிளேர்ல நிலையம் நடத்தினாங்க, குழுவுல சிலர் கார் நிக்கோபாருக்கும் கருவியோட போனாங்க. அவங்க அனுப்பினதுல பெரும்பகுதி என்ன தெரியுமா? இன்னார் உயிரோட இருக்கார், இன்ன முகாம்ல இருக்கார், சென்னையில இன்ன எண்ணுக்குச் சொல்லுங்க. பெயர்கள். ஒண்ணொண்ணா எழுத்துக் கூட்டிப் படிச்சு, அந்தப் பக்கம் நிலப்பரப்புல இருக்கிற ஹாம் எழுதிக்கிட்டு, சொந்தக்காசுல போன் போட்டுச் சொல்றது.

இலங்கையிலயும் கிட்டத்தட்ட இதே கதை. அந்நாட்டு வானொலிச் சங்கத்தின் தலைவரா இருந்த விக்டர் குணதிலக்கவின் ஏற்பாட்டுல, சில ஹாம்கள் கருவியையும் பேட்டரியையும் எடுத்துக்கிட்டு அம்பாந்தோட்டைக்குப் போனாங்க. எல்லாம் அறுந்து கிடந்த அந்த ஊருக்கும் கொழும்புல பிரதமர் தரப்புக்கும் சிற்றலையில பாலம் போட்டாங்க. எந்த மருந்து வேணும், எந்த ரோடு திறந்திருக்கு, எத்தனை சடலம். இதுமாதிரி வறட்டுத் தகவலுக்குத்தான் அப்ப உயிர்.

இவ்வளவும் படிச்சப்புறம் ஹாம் உலகத்துல ஒரு பேச்சு இருக்கு: எல்லாம் தோத்தப்ப நாங்க ஜெயிச்சோம்னு. எனக்கு அதுல முழு உடன்பாடு இல்லை. அவங்க செஞ்சது பெரிய காரியம், சந்தேகமே இல்லை. ஆனா அது அலை போனதுக்கு அப்புறம் செஞ்ச காரியம். அந்த இரண்டு மணி நேரத்துல வேலை செய்யற கருவி அந்தமான்ல இருந்தும் நாகப்பட்டினத்துக்கு எச்சரிக்கை போகலை. பாரதியை இதுல குறை சொல்ல எதுவுமே இல்லை. போர்ட் பிளேர்ல நடுக்கம் தெரியும், ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி நாகூர்லயும் வேளாங்கண்ணியிலயும் அலை ஏறும்னு அன்னைக்கு எவருக்குத் தெரியும்? தெரிஞ்சிருந்தாலும் யாரைக் கூப்பிடறது? கேட்கறதுக்குக் கரையில ஒரு ஆள் உட்கார்ந்திருக்கணுமே. விமானப்படை ஹாட்லைன்லயே நிக்காத செய்தி இது.

1964 தனுஷ்கோடியோட ஒப்பிட்டுப் பாருங்க. டிசம்பர் 22 ராத்திரி பாம்பன்லேர்ந்து கிளம்பின பாசஞ்சர் ரயில் நூத்துச் சொச்சம் பேரோட கடல்ல போச்சு. அங்க கம்பி அறுந்துடுச்சு, வெளியுலகத்துக்குத் தெரியவே ரொம்ப நேரமாச்சு. அங்க சொல்ல வழி இல்லை. 2004ல வழி ஒண்ணுக்கு மூணா இருந்தது, அது போய்ச் சேர்ற இடம்தான் இல்லை.

இதுக்கு எதிர் உதாரணம் புதுச்சேரி பக்கத்துல இருக்கிற நல்லவாடு. மீனவ கிராமம். அந்த ஊர்ப் பையன் ஒருத்தர் சிங்கப்பூர்ல வேலையில இருந்தார். அன்னைக்குக் காலையில அங்க டிவியில செய்தி பார்த்துட்டு வீட்டுக்குப் போன் போட்டார். வீட்டுல, தண்ணி உள்ள வருதுன்னாங்க. எல்லாரையும் கிளப்புன்னு சொன்னார். ஊர்ல எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைச்ச அறிவு மையம் இருந்தது, அதுல ஒலிபெருக்கியும் இருந்தது. இந்த மையங்கள் வழியா வீராம்பட்டினம் மாதிரி ஊர்கள்ல தினமும் அலை எவ்வளவு உயரம்னு மைக்ல சொல்லுவாங்க. அமெரிக்கக் கடற்படை இணையதளத்துல இறக்கின தகவலைத் தமிழ்ல! அதனால மைக்ல கடலைப் பத்திச் சொன்னா நம்பணும்ங்கற பழக்கம் ஊருக்கு இருந்தது. நல்லவாட்டுல சுமார் 3,600 பேர். அறிவிப்பைக் கேட்டு ஓடினாங்க. ஒரு உயிர்கூடப் போகலை.

ஒரு போன் கால், ஒரு மைக் செட். தொழில்நுட்பம்னு பார்த்தா 1930 மெரினா ஒலிபெருக்கிக்கும் இதுக்கும் பெரிய தூரம் இல்லை. வித்தியாசம் என்னன்னா, இங்க கடைசி நூறு மீட்டர் ஏற்கனவே பழகி வச்சிருந்தது. சிங்கப்பூர்லேர்ந்து நல்லவாடு வர்றது சுலபம். நல்லவாடு மைக்லேர்ந்து கட்டுமரத்துக்குப் பக்கத்துல நிக்கிற ஆள் காதுக்குப் போறதுதான் கஷ்டம்.

அதுக்கப்புறம் நடந்ததைச் சுருக்கமா சொல்லிடறேன். 2005 மே 5ல இஸ்ரோ ஹாம்களுக்குன்னே ஹாம்சாட்னு 42.5 கிலோ செயற்கைக்கோள் ஒண்ணை அனுப்பிச்சது. அதுல இருந்த ரெண்டு டிரான்ஸ்பாண்டர்ல ஒண்ணை வடிவமைச்சவர் ஹாலந்துல பொறியியல் படிச்சுக்கிட்டிருந்த ஒரு ஹாம். (நாங்கல்லாம் அந்த வயசுல ஃபைனல் இயர் ப்ராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கின கோஷ்டி.) 2014 வரைக்கும் அது வேலை செஞ்சது. 2006 ஏப்ரல்ல போர்ட் பிளேர்லயே ஹாம் விழா நடத்த அரசாங்கம் அனுமதிச்சது. 2007 அக்டோபர்ல ஹைதராபாத்ல சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. இப்ப நிலநடுக்கம் வந்தா சில நிமிஷத்துல அறிக்கை வருது. மேல் பகுதி சரியாச்சு.

கீழ்ப் பகுதி? 2017 நவம்பர் 30, ஒக்கி. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஆழ்கடல் மீனவர்கள் வாரக்கணக்குல தங்கி மீன் பிடிக்கிறவங்க. புயல் எச்சரிக்கை வந்தப்ப அவங்க எப்பவோ கிளம்பிப் போயாச்சு. படகுல வி.எச்.எஃப். கருவி இருந்தது, ஆனா அது பார்வைக்கோட்டுல மட்டும் போற அலை. ஆன்டெனா 5 மீட்டர் உயரம்னா, இன்னொரு படகோட சுமார் 18 கிலோமீட்டருக்குள்ள பேசலாம். எங்க ஜவ்வாது மலையில 1,000 மீட்டர் உயரத்துல ஒரு ஆன்டெனா நட்டா அதுக்குத் தொடுவானம் சுமார் 130 கிலோமீட்டர், கணக்குப்படி கல்பாக்கம் கரையை எட்டிடும். அப்பவும் அந்தப் படகுகள் இருந்த இடத்துல பாதிக்குப் பாதி கூட எட்டாது. சிற்றலைதான் எட்டும். அதுக்கு உரிமம், பயிற்சி, மறுபடியும் பழைய சந்தேகம்.

ஒக்கிக்கு அப்புறம் 2019ல ஜெமினின்னு ஒரு கருவியை மத்திய அரசு அறிமுகப்படுத்திச்சு. செயற்கைக்கோள் வழியா ஆழ்கடல்ல இருக்கிறவர் செல்போனுக்குப் புயல் எச்சரிக்கை வரும். நல்ல கருவிதான். ஆனா ஒருவழி. அவர் கேட்கலாம், திரும்பப் பேச முடியாது. ரெண்டு பக்கமும் செய்தி போற டிரான்ஸ்பாண்டர்களைப் படகுகள்ல பொருத்த ஆரம்பிச்சது அதுக்கும் சில வருஷம் கழிச்சுத்தான். பாம்பன்ல கடல் ஓசைன்னு மீனவர்களுக்காகவே 90.4ல ஒரு சமுதாய வானொலி தொடங்கினாங்க, அறிவிப்பாளர்களும் அந்தக் கரை ஆளுங்கதான். டிரான்ஸ்பாண்டர் வந்த படகுக்காரர் எவராவது உங்களுக்குத் தெரிஞ்சவரா இருந்தா ஒண்ணு மட்டும் கேட்டுச் சொல்லுங்க: பட்டனை அழுத்தினா அந்தப் பக்கம் எடுக்கிற ஆள் தமிழ்ல பேசறாரா?