மூளையியற் பட்டத்தின் விலை

ஸ்பானிய தேசத்து ராமோன் இ கஹாலும் இத்தாலியராகிய கொல்கியும் 1906ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பங்கிட்டுக் கொண்டபோது, மூளையியல் என்றொரு பட்டம் எங்கும் இருக்கவில்லை. இருவரும் வைத்தியம் பயின்றவர்களே. மூளையை ஆராய விழைந்தோர் உடற்கூற்றியல், உளவியல் முதலிய வாயில்களினூடாகவே உட்புகுந்தனர். 1962இல் மசச்சூசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்துப் பிரான்சிஸ் ஷ்மிட் என்பார் இத்துறையினரை ஒருங்கு கூட்டினார். 1973இல் அதே மாநிலத்து அமர்ஸ்ட் கல்லூரி, முதற்பட்ட மாணவர்க்கென இப்பாடநெறியை வகுத்தது. அமெரிக்காவில் இதுவே முதலாவது என்பர்.

இக்கல்லூரியின் கதை சற்று விசித்திரமானது. 1821இல் ஏழை இளைஞரைக் கிறித்தவ குருத்துவப் பணிக்கு ஆயத்தஞ் செய்யவே அது தோன்றியது. இன்றோ அங்கு அறிவிக்கப்படும் ஓராண்டுச் செலவு, உண்டியும் உறையுளும் உட்பட, 80,000 டொலருக்கு மேல். ஆயின் அறிவிக்கும் விலை வேறு, கொடுக்கும் விலை வேறு. 2008 முதல் அக்கல்லூரி தன் உதவித் திட்டத்திற் கடனை நீக்கி, அதற்கீடாக நன்கொடையே வழங்கி வருகின்றது. ஆகவே வறிய மாணவன் ஒருவன், கட்டணங் குறைந்த அரசாங்கப் பல்கலைக் கழகமொன்றிற் செலுத்துவதினும் குறைவாக இங்கே செலுத்துதல் கூடும். இடங் கிடைப்பதுதான் அரிது!

பட்டத்தின் பெறுமதி யாது? அஃதொன்றைக் கொண்டு எவரும் வைத்தியராதல் இல்லை. கலாநிதிப் பட்டத்தை நாடுவோர்க்குப் பெரும்பாலும் கட்டண விலக்கும் உதவிப்பணமும் உண்டு. வைத்தியத்தை நாடுவோர்க்கோ மேலும் நான்காண்டுப் படிப்பும் பெருங்கடனும் காத்திருக்கின்றன. அவ்வைத்தியக் கல்லூரிகளும் மூளையியற் பட்டமே வேண்டுமெனக் கேட்பதில்லை. உயிரியல், இரசாயனம், பௌதிகம் ஆகியவற்றிற் குறித்த பாடங்களைக் கற்றிருத்தலே அவை நோக்குவது.