ஒரு சீசாவில் இரண்டு செடிகள்

டி குவின்ஸியை ஆங்கிலம் படித்த நம்மில் பலர் அபின் கனவுகளுக்காகத்தான் நினைவில் வைத்திருக்கிறோம். 1821இல் வெளிவந்த அவருடைய ஒப்புதல்களில் கனவுக்கு முன்னால் ஒரு வலி வருகிறது. 1804இல், தலையையும் முகத்தையும் குடைந்த வலி தாங்காமல்தான் அவர் லண்டனில் மருந்துக் கடையைத் தேடிப் போனார். விமர்சகர்கள் கனவை எடுத்துக்கொண்டு வலியை விட்டுவிட்டார்கள். கஞ்சா விஷயத்தில் நாமும் வேறு மாதிரி நடந்துகொள்ளவில்லை. சித்தர், பரவசம், கலகம் என்று எழுதித் தீர்த்தோம். இவ்விரு செடிகளின் சரித்திரத்தை வலியின் பக்கமிருந்து படித்தால் என்ன தெரியும் என்பதே இங்கு என் விசாரம்.

கல்கத்தா மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் வில்லியம் ஓஷானஸி 1839இல் கஞ்சா பற்றிய தன் ஆய்வை வெளியிட்டார். முதலில் நாய்கள், பிறகு வாத நோயாளிகள், இசிவு கண்டவர்கள். (இந்த மனிதர்தான் பின்னால் இந்தியாவுக்குத் தந்திக் கம்பி இழுத்தவர் என்பது எனக்குப் பிடித்த உபரிச் செய்தி.) 1848இல், இங்கே ராணுவ டாக்டராயிருந்த காலிஸ் பிரௌன் காலராவுக்கென்று ஒரு கலவை தயாரித்தார். அபின் கரைசல், கஞ்சாச் சாறு, குளோரோஃபார்ம். குளோரோடைன் என்ற பெயரில் அது இங்கிலாந்துக்குப் போய் எல்லா வலிக்கும் விற்றது. ஆக, கஞ்சாவையும் அபினையும் சேர்த்துக் கொடுப்பது இன்றைய ஆய்வுக்கூடத்தில் பிறந்த யோசனை அல்ல. அந்தச் சீசாவுக்கு அடிமையானவர்களும் அதனால் செத்தவர்களும் உண்டு. அதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை.

1893இல் அரசாங்கம் இரண்டையும் தனித்தனியே விசாரணைக் கூண்டில் ஏற்றியது. அபினுக்கு ஒரு கமிஷன், கஞ்சாவுக்கு ஒரு கமிஷன். கஞ்சாக் கமிஷன் 1,193 சாட்சிகளை விசாரித்து ஏழு தொகுதிகள் வெளியிட்டது. அன்றைய வட ஆற்காடு ஜில்லாவின் ஜவ்வாது மலை, கஞ்சா விளையும் இடமாக அதில் வருகிறது. ஆம்பூரில் பஸ்ஸை விட்டு இறங்கினால் கண்ணில் படுகிற அதே மலை. மருந்துப் பயனையும் கேட்கத்தான் கேட்டார்கள். ஆனால் கமிஷனை உட்கார வைத்தவை பைத்தியம், குற்றம், வரி என்ற மூன்றுதான். மிதமாக உபயோகித்தால் பெரிய தீங்கில்லை, தடை வேண்டாம், வரி போடுங்கள் என்று முடித்தார்கள்.

தடை 1985இல், நம்முடைய சட்டமாகவே வந்தது. அச்சட்டம் மார்பினை டாக்டரிடமிருந்து பறிக்கவில்லை. லைசென்ஸின் மேல் லைசென்ஸாக வைத்து, ஆஸ்பத்திரிகளே கைகழுவும்படி செய்தது. அந்த வருஷம் நாட்டில் உபயோகமான மார்பின் 716 கிலோ. 1997இல் வெறும் 18 கிலோ. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு அனுமதியோடு விளைந்த அபின் வெளிநாட்டுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. கேரளத்தில் டாக்டர் ராஜகோபாலும் அவர் சகாக்களும் ஆண்டுக்கணக்கில் மன்றாடிய பிறகு, 2014இல்தான் சட்டம் திருத்தப்பட்டது.

இதில் இன்னொரு செடியும் உண்டு. நித்திய கல்யாணி, நம் பக்கத்தில் சுடுகாட்டு மல்லி. அதிலிருந்து எடுத்த வின்கிரிஸ்டின் 1963 முதல் புற்றுநோய்க்கு மருந்து. உயிரணு பிரிவதைத் தடுக்கிற அதே குணத்தால், நரம்புக்குள் சரக்கு ஓடும் தண்டவாளத்தையும் அது கலைத்துவிடுகிறது. பின்னால் வந்த பாக்லிடாக்ஸெலும் அந்தத் தண்டவாளத்தில்தான் கை வைக்கிறது. நீளமான நரம்புகள் முதலில் அடிபடுவதால் பாதத்தில் தொடங்கி விரல் நுனிக்கு வருகிறது மதமதப்பும் எரிச்சலும். என் கவுண்டருக்கு ஒரு பெண் வந்தார். ஆம்பூர் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைத்தவர். மார்பகப் புற்றுக்கு வேலூரில் கீமோதெரபி முடித்திருந்தார். கையெழுத்து மாதிரியோடு ஒத்துப்போகவில்லை. “பேனா கையில இருக்கறதே தெரியல சார்” என்றார். ரேகை வைத்துப் பணம் வாங்கிக்கொண்டு திரும்பியவர், செருப்பு காலில்தான் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு நடந்தார்.

இந்த வலிக்கு மார்பின் தனியாக அவ்வளவாகக் கேட்பதில்லை. 2013இல் வெளியான சோதனையில் ஓரளவு பலன் காட்டியது டுலாக்ஸெடின், மனச்சோர்வுக்கென்று வந்த மாத்திரை. முதுகுத்தண்டில் வலிச் செய்தி கைமாறும் இடத்தில் அபினுக்கும் கஞ்சாவுக்கும் தனித்தனி வாங்கிகள் இருக்கின்றன. இரண்டையும் சிறு அளவில் சேர்த்தபோது எலிகளில் வலி கூடுதலாகத் தணிந்தது. மனிதரிடம் வரும்போதுதான் சிக்கல். 2011இல் சான் பிரான்ஸிஸ்கோவில், ஏற்கெனவே மார்பினோ ஆக்ஸிகோடோனோ எடுத்துக்கொண்டிருந்த 21 பேருக்குக் கஞ்சா ஆவியையும் கொடுத்தார்கள். பலவகை நாள்பட்ட வலிக்காரர்கள். சராசரியாக 27 சதவீதம் வலி குறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வெற்று மருந்து கொடுத்த குழு கிடையாது. கீமோதெரபி நரம்பு வலிக்கென்றே 2014இல் கனடாவில் செய்த சோதனையில் கஞ்சா ஸ்பிரே ஐந்து பேருக்கு நன்றாகக் கேட்டது. மொத்தமாகப் பார்த்தால் வெற்று ஸ்பிரேயை அது வெல்லவில்லை. அதில் சேர்க்கப்பட்டவர்கள் 18 பேர். பைத்தியமும் வரியும் பற்றிச் சொல்ல 1,193 பேர் கிடைத்திருந்தார்கள்.